கெட்டும் பட்டணம் சேர்... சேர்ந்த பிறகு?

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மேசை பிடிப்பதும் தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் நிழல் பிடிப்பதும் ஒன்றுதான். அப்படிப் பிடித்த மேசையில் முன்பின் தெரியாத நாலு பேர் உட்கார்ந்துவிட்டால், தேநீர் ஆறுவதற்குள் பேச்சு ஊரைப் பற்றித் திரும்பிவிடும். நான் உட்கார்ந்த மேசையிலும் திரும்பியது.

எதிரே இருந்தவர் இங்கேயே பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் பக்கத்தில் அடையாற்றுக்காரர் ஒருவர். வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். நாலாவது ஆள் அறந்தாங்கிப் பக்கத்துக் கட்டுமானத் தொழிலாளி. மடித்து வைத்த பிளாஸ்டிக் பையில் ஊருக்கு அனுப்ப வாங்கிய பொம்மை ஒன்று எட்டிப் பார்த்தது.

"வாழ்றதுக்கு உலகத்துலயே எது சார் பெஸ்ட் சிட்டி?" என்று ஆரம்பித்தவர் அடையாற்றுக்காரர். பதிலையும் அவரே சொன்னார். "இதுதான். என் மனைவி வேலை முடிஞ்சு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியா நடந்து வர்றாங்க. நான் வீட்ல தூங்கிட்டு இருக்கேன். இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"நல்ல ஊருதான் தம்பி," என்றார் பெரியவர். "ஆனா என் பேரன் வீடு வாங்க என்ன பாடு படுறான்னு அவனைக் கேட்டுப் பாருங்க."

அறந்தாங்கிக்காரர் சிரித்தார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். "வேலைக்கு இது நல்ல ஊர்ண்ணே. வாழ்றதுக்கு எங்க ஊர்."

மற்ற இருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இவர் கேள்வியையே இரண்டாக வெட்டிவிட்டார். இந்தக் கட்டுரை அந்த வெட்டைப் பற்றியதுதான்.

பட்டியல் யாருக்கு?

எந்த ஊர் உசத்தி என்ற சண்டை தமிழனுக்குப் புதிதல்ல. பரிபாடலின் எஞ்சிய பகுதி ஒன்றில் மதுரைப் புலவர், வஞ்சியும் உறையூரும் கோழி கூவித்தான் விழிக்கின்றன, எங்கள் ஊரோ மறை ஓதும் குரல் கேட்டு விழிக்கிறது என்று பெருமையடிக்கிறார். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு என்பதால் அதில் குத்தலும் சேர்ந்திருக்கிறது. மூவேந்தர் தலைநகரங்களை வரிசைப்படுத்தி, தன் ஊரை முதலில் வைத்துக்கொண்ட பட்டியல் அது. பட்டியல் போடுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்தாலே பட்டியலின் லட்சணம் தெரிந்துவிடும். இன்றைய பட்டியல்களுக்கும் இது பொருந்தும்.

வாழத் தகுந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் செய்தியாக வரும் பட்டியல்களில் பெயர் பெற்றது லண்டனின் இகானமிஸ்ட் இன்டெலிஜன்ஸ் யூனிட் போடுவது. 173 நகரங்களை நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண் போட்டு அடுக்குகிறார்கள். 2011 முதல் 2017 வரை மெல்பர்ன்தான் முதலிடம். பிறகு பெரும்பாலும் வியன்னா. 2025-ல் கோபன்ஹேகன். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் முதல் பத்துக்குள் வருவதில்லை. அதே நிறுவனம் போடும் விலைவாசிப் பட்டியலில் மட்டும் 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு உலகிலேயே செலவு மிகுந்த நகரம் என்று கிரீடம் சூட்டினார்கள். 2023-லும் ஜூரிக்குடன் பங்கு போட்டு அதே இடம். மெர்சர் நிறுவனம் 2019-ல் போட்ட வாழ்க்கைத் தரப் பட்டியலில் சிங்கப்பூருக்கு 25-ஆம் இடம், ஆசியாவில் முதலிடம்.

இவை யாருக்காகப் போடப்பட்டவை என்பதைச் செய்தித்தாள்கள் சொல்வதே இல்லை. ஓர் அதிகாரியை அயல்நாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அங்கே அவர் படப்போகும் சிரமத்துக்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கப் பிறந்த அட்டவணைகள் இவை. கம்பெனி வீட்டு வாடகை கட்ட, பிள்ளைகளைச் சர்வதேசப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மூன்று வருடத்தில் மூட்டை கட்டும் மனிதரின் கண்ணால் பார்த்த ஊர் அது. அடையாற்றுக்காரர் கிட்டத்தட்ட அந்த ஆள்தான். அறந்தாங்கிக்காரரையும் கம்பெனிதான் அனுப்பி வைத்திருக்கிறது, அவருக்கும் இருப்பிடம் கம்பெனி ஏற்பாடுதான். ஆனால் அவர் படும் சிரமத்துக்குப் படி கணக்கிட எந்த அட்டவணையும் கிடையாது.

எனக்கு ஒரு மாற்று அளவுகோல் தோன்றியது. ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, மூப்படைந்து, சாகும்வரை ஓர் ஊர் அவனுக்கு என்ன இடம் தருகிறது? சிங்கப்பூரில் இதை நடந்தே பார்த்துவிடலாம். சிராங்கூன் சாலை அதற்கென்றே போட்டது மாதிரி நீள்கிறது. ஒரு முனையில் பிரசவ ஆஸ்பத்திரி. அது மேல் சிராங்கூன் சாலையாக மாறிப் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பழைய இடுகாடு. இடையில் ஊதா நிற ரயில் தடத்தில் நாலே நிறுத்தம்.

பிறப்பு

கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைப் பட்டி. இன்று கேகே என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெயருக்குள் அந்த எருமை இன்னும் இருக்கிறது. 1966-ல் இந்த ஒரே ஆஸ்பத்திரியில் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஒரே பிரசவ மருத்துவமனையில் உலகிலேயே அதிகப் பிறப்பு என்ற சாதனை அது. அரசு பயந்துபோய், 1972-ல் இரண்டோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் தொடங்கியது. மக்கள் நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்னதைவிட நன்றாகவே நிறுத்தினார்கள். 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. அந்த ஆண்டு நாடு முழுவதும் பிறந்த குடிமக்கள் குழந்தைகள் 29,000-க்கும் குறைவு. 1966-ல் ஓர் ஆஸ்பத்திரி பார்த்த பிரசவத்துக்கு இன்று ஒரு நாடே ஈடுகொடுக்க முடியவில்லை.

மகப்பேற்றில் தாயும் சேயும் பிழைக்கும் விதத்தில் சிங்கப்பூர் உலகின் மேல்வரிசையில் இருக்கிறது. அதில் பேச்சே இல்லை. அத்தனை வசதியும் இருக்கும் ஊரில் பிள்ளை பெற்றுக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. பிள்ளை வேண்டாம் என்று ஒரு தலைமுறை முடிவெடுக்கிறதென்றால், அதுவும் தங்கள் ஊருக்கு அவர்கள் போடும் மதிப்பெண்தான் என்று நான் நினைக்கிறேன்.

எருமையும் சுண்ணாம்பும்

தேக்கா இருக்கும் வட்டாரத்துக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் இந்தியர்களுக்காக ஒதுக்கிய இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1822-ல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் சூலியர் கம்பம், அதாவது தென்னிந்தியர் குடியிருப்பு, இருந்தது ஆற்றங்கரையில். இந்தப் பக்கம் பின்னால் வந்தவையும் முதலில் குதிரைப் பந்தயத் திடலும் ஐரோப்பியர் வீடுகளும்தான். மாடுதான் தமிழரை இங்கே கூட்டிவந்தது. புல்லும் தண்ணீரும் கிடைத்ததால் மாட்டு வியாபாரம் வளர்ந்தது, அதைச் சுற்றி ஆட்கள் குவிந்தார்கள். எருமைச் சாலை, கெர்பாவ் சாலை என்று தெருப்பலகைகள் இன்றும் சாட்சி சொல்கின்றன.

அடுத்தது சுண்ணாம்பு. இங்கிருந்த காளவாசல்களை வைத்து இந்த வட்டாரத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. 1862-ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்ப் பளபளப்புக்குக் காரணம் மெட்ராஸ் சுண்ணம்: சங்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825-லிருந்து 1873 வரை இந்த ஊரின் சாலை, பாலம், அரசு மாளிகை எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. தண்டனை முடிந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. மாடு வாங்கி, வண்டி ஓட்டி, குடும்பம் கட்டி இங்கேயே கிடந்தார்கள்.

இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தலைக்கு மேல் கூரை

பெரியவருக்குத் தோ பாயோவில் நாலறை வீவக வீடு. வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கியபோது பாதி ஊர் கம்பத்திலும் கடைவீட்டுப் பொந்துகளிலும் இருந்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் நாலில் மூன்று பேருக்கு மேல் அது கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தை வீட்டுக்குப் போடலாம் என்று ஆனதும் கூலித் தொழிலாளியும் வீட்டுக்காரர் ஆனார். சென்னையில் நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு வாடகை வீட்டில் செத்துப்போனவர்கள் எத்தனை பேர் என் உறவிலேயே! இந்த ஒரு விஷயத்தில் நான் சிங்கப்பூர் கட்சிதான்.

பட்டியலில் அடிக்கடி ஜெயிக்கும் வியன்னாவிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாநகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோதான் வசிக்கிறார்கள். அது வாடகைக்குத் தருகிறது, இது 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கிறது. குத்தகை முடிந்தால்? கேலாங் லோரோங் 3-ல் 60 ஆண்டுக் குத்தகை முடிந்த 191 தனியார் வரிசை வீடுகளை 2020 டிசம்பர் 31-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, ஒரு காசு இழப்பீடு இல்லாமல். அன்றைக்குத்தான் பலருக்குக் குத்தகை என்ற சொல்லின் கனம் உறைத்தது.

தமிழர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஓர் இனத்தார் மட்டும் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இந்தியர்களும் மற்றவர்களும் ஒரு புளோக்கில் அதிகபட்சம் 15 சதவீதம், ஒரு பேட்டையில் 12 சதவீதம். எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் பக்கத்து வீட்டில் வேறு மொழி கேட்கும் ஊர் இப்படித்தான் உண்டானது. இனக் கலவரம் பார்த்த தீவுக்கு இது தேவைப்பட்டது என்று பெரியவர் அடித்துச் சொன்னார். ஆனால் புளோக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டால் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிற ஆள் குறைந்தால் விலையும் குறையும். சிறுபான்மையினர் தலையில்தான் இந்தச் செலவு விழுகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டு, விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை 2022 முதல் கழகமே வாங்கிக்கொள்ள வழி செய்தது. 33 வருடம் கழித்து.

காரைப் பற்றி ஒரு வரி போதும். காரை விடுங்கள், பத்து வருடம் காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவில் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. ரயிலும் பஸ்ஸும் நன்றாக இருப்பதால் பெரும்பாலோர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சட்டைப் பையில் இருக்கும் அட்டை

பழைய கேகே ஆஸ்பத்திரிக் கட்டடம் ஹாம்ப்ஷயர் சாலையில் தரைப் போக்குவரத்து ஆணைய அலுவலகமாக நிற்கிறது. அந்தச் சாலை ரேஸ்கோர்ஸ் சாலையைத் தொடும் முனையில்தான் 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி செத்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் எரிந்தன. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு சிங்கப்பூர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 25 பேர் மீது வழக்கு, இன்னும் பலர் நாடு கடத்தல். ஓய்வு பெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு. விபத்து, மீட்புப் பணியைத் தப்பாகப் புரிந்துகொண்ட கூட்டம், மது ஆகியவைதான் காரணம், வேலைச் சூழல் மீதான கோபம் அல்ல என்று குழு சொன்னது. 2015-ல் வந்த சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் ஆக்கியது.

குழு சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அன்று இரவுவரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இந்த ஊர் நெரிசல் என்றுதான் பார்த்தது. வாரம் ஆறு நாள் துவாஸிலும் ஜூரோங்கிலும் கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்குச் சொந்த மொழியில் சோறு, தலைமுடி வெட்டு, பணம் அனுப்பும் கடை, புல்தரையில் நாலு பேர் பேச்சு எல்லாம் கிடைப்பது அந்த ஒரு மாலைதான். வாரத்தில் ஆறு மணி நேரம் மட்டும் ஊர்க்காரராக இருக்க அனுமதி.

2020-ல் கொரோனா வந்தபோது விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த டிசம்பருக்குள் அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அரசே கணக்குச் சொன்னது. வெளியே நகரம் பாதுகாப்பாக இருந்த அதே மாதங்கள். ஒரே தீவு, இரண்டு கணக்கு. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது, இறப்பும் மிகக் குறைவு. அதைச் சொல்லாவிட்டால் தப்பு. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற விதி பிறகு வந்தது. பன்னிரண்டு என்பது முன்னேற்றம் என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருந்த மூவரின் பையிலும் மனிதவள அமைச்சோ குடிநுழைவு ஆணையமோ கொடுத்த அட்டை ஒன்று உண்டு. பெரியவருடையது இளஞ்சிவப்பு, குடிமகன் என்பதற்கு. அடையாற்றுக்காரர் நிபுணர்களுக்கான அனுமதியில் இருக்கிறார். நிரந்தரவாசத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியில் கூட்டிவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அது இருக்கிறது. பெற்றோரை நீண்ட காலம் தங்க வைக்க 12,000 வெள்ளி வேண்டும். அது இன்னும் வரவில்லை.

அறந்தாங்கிக்காரர் வேலை அனுமதிக்காரர். குடும்பத்தைக் கூட்டிவரும் பேச்சே கிடையாது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அமைச்சு சம்மதிக்காமல் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவரைப் போன்ற இந்தியக் கட்டுமானத் தொழிலாளி, திறன் நிலையைப் பொறுத்து, 14 அல்லது 26 வருடத்துக்கு மேல் இங்கே வேலை செய்ய முடியாது என்று ஒரு வரம்பும் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், வயது உச்சவரம்பும் 60-லிருந்து 63 ஆனது. இனி அவர் இன்னும் அதிக காலம் உழைக்கலாம். 63 முடிந்த மறுநாள் திருச்சி விமானம்.

மனத்தில் வைக்கச் சொன்னேனே, அந்தக் கைதிகள். தண்டனை முடிந்ததும் அவர்களில் பலர் இந்த ஊரில் கிழவர்களானார்கள். இன்று கூலிக்கு வந்தவருக்கு அந்த வழி அடைத்திருக்கிறது.

பின்நிலம்

இதைத் திட்டமிட்டுச் செய்த கொடுமை என்று சொன்னால் அது சோம்பேறித்தனமான கோபம். எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர், தேசிய உறுதிமொழியை எழுதியவர். 1972 பிப்ரவரி 6-ல் பேசிய ஒரு சொற்பொழிவில் சிங்கப்பூரை உலக நகரம் என்று வரையறுத்தார். விளைநிலமோ கனிமமோ இல்லாத, மலேசியாவிலிருந்து பிரிந்து நிற்கிற தீவுக்கு உலகமே பின்நிலம் என்பது அவர் வாதம். சொன்னபடி நடந்தது. ஆனால் பின்நிலத்துக்கும் முகவரி உண்டு. அறந்தாங்கி அதில் ஒன்று. பிள்ளையைப் பெற்று, சோறூட்டி, படிக்க வைத்து, இருபது வயதில் அனுப்பிவைத்து, அறுபதில் முழங்கால் வலியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலையை அறந்தாங்கி செய்கிறது. நடுவில் இருக்கும் நாற்பது வருடத்தைச் சிங்கப்பூர் பயன்படுத்துகிறது. இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

ராஜரத்தினம் இறந்து ஒரு தலைமுறை ஆகவில்லை. இன்று அதிபர் மாளிகையில் யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர் தர்மன் சண்முகரத்தினம் இருக்கிறார், 2023-ல் 70.4 சதவீத வாக்கு. நாணயத்தில் தமிழ், ரயில் நிலையத்தில் தமிழ், 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாளிதழ். வேறு எந்த உலக நகரத்திலும் தமிழனுக்குக் கிடைக்காத பெருமை. பெரியவர் இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020-ல் 2.5. "பேரன் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவான், நான் தமிழ்லதான் பதில் சொல்வேன்," என்றார். அது என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. பலகைத் தமிழும் வீட்டுத் தமிழும் எதிரெதிர்த் திசையில் போகும் ஊர்.

சென்னையை இழுக்காமல் இந்த விவாதம் முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரி, குளத்தில் நம்மளவு கொடுப்பினை இல்லாத சிங்கப்பூரோ 1962-ல் ஜோகூருடன் போட்ட ஒப்பந்தம் 2061-ல் முடியும் என்பதை வைத்துக்கொண்டே அறுபது வருடத் திட்டம் தீட்டுகிறது. 2003-ல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் என்றது, 2008-ல் ஆற்று முகத்துவாரத்தையே அணை கட்டி நீர்த்தேக்கம் ஆக்கியது. இதில் சென்னைக்குப் பேச வாயில்லை. சென்னை ஒன்றில் ஜெயிக்கிறது. எப்போது திரும்பிப் போவாய் என்று அது யாரையும் கேட்பதில்லை. அஸ்ஸாமிலிருந்து வந்தவரும் அம்மாவைக் கூட்டிவந்து வேளச்சேரியில் குடிவைக்கலாம். ஆனால் அதே சென்னைதான் கூவம் கரைக்காரர்களை மூட்டை முடிச்சோடு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது. உள்ளே விடுவதில் தாராளம், உள்ளே வந்தவனைக் கவனிப்பதில் கஞ்சம். சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர்.

நிலைத்த சிறப்பு என்று ஒன்றும் கிடையாது என்பதற்குக் கொழும்பு. 1956-ல் முதல் முறையாக அங்கே இறங்கிய, பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் இயூ அந்த ஊரைப் பார்த்து வியந்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். காமன்வெல்த்துக்கே முன்மாதிரியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பிய ஊர். அதே ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1983 ஜூலையில் அங்கே தமிழர் கடைகள் எரிந்தபோது சிங்கப்பூரில் நாலு ஆட்சிமொழிப் பலகைகள் சாதாரணம் ஆகிவிட்டிருந்தன. எந்தப் பட்டியலும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

கடைசி நிறுத்தம்

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் ஒரு விசித்திரம். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கூட, "ஊருக்குப் போயிட்டு வந்தேன்" என்றால் அது தமிழ்நாடுதான். சிங்கப்பூர் நாடு, வீடு, வேலை எல்லாமாக இருக்கும். ஊர் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம். பெரியவர் அங்கே கடைசியாகப் போனது 1998-ல். "எனக்கு அங்க யார் இருக்கா?" என்று கேட்டார். ஆனாலும் அதற்குப் பேர் ஊர்தான்.

மேசையைக் காலி செய்தோம். எங்கள் தட்டுகளை எடுக்க வந்தவர் பெரியவரைவிட மூத்த ஒரு சீன மூதாட்டி. கையுறை போட்டு, தள்ளுவண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். குடிமகளாக இருந்தால் இங்கே மூப்படையலாம். உட்கார்ந்து மூப்படையலாம் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. 2030-ல் குடிமக்களில் நாலுக்கு ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார்.

ஊதா ரயிலில் ஏறி உட்லீயில் இறங்கினேன். பிடாடாரி. மலாயில் தேவலோகப் பெண். சம்ஸ்கிருத வித்யாதரிதான் இங்கே வந்து இப்படித் திரிந்திருக்கிறாள்; நம் பழம்பாட்டுகளில் விஞ்சையர் என்று வருபவர்களின் உறவுக்காரி. 1908-ல் திறந்து 1972-ல் மூடிய இடுகாடு இது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாருக்கும் பகுதி இருந்தது. 2001-லிருந்து 2006-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் வீவக அடுக்குமாடிகள். 2024-ல் பூங்காவும் திறந்தாயிற்று, நடுவே ஒரு சின்ன ஏரி. சுவாசூகாங் இடுகாட்டில் இன்று யாரையாவது புதைத்தால் அதுவும் பதினைந்து வருடத்துக்குத்தான். பிறகு தோண்டி எடுத்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். மண்ணுக்குள்ளும் குத்தகைதான்.

பேய் பயம் இல்லையா என்று பூங்காவில் ஒருவரிடம் விளையாட்டாகக் கேட்டேன். "ரயில் பக்கத்துல இருக்கு சார், பேயெல்லாம் பார்த்தா முடியுமா?" என்றார். சரியான சிங்கப்பூர் பதில்.

ஏரிக்கரை பெஞ்சில் ஒரு தமிழ்த் தம்பதி. அறுபத்தைந்து, எழுபது இருக்கும். பாட்டி கையில் டிபன் டப்பா, தாத்தா கையில் பேத்தியின் சைக்கிள் தொப்பி. கும்பகோணம் பக்கமாம். மகன் இங்கே ஏதோ கம்பெனியில். மூன்று வருடத்தில் இது நாலாவது தடவை வருகிறார்கள்.

"ஊர் எப்படிம்மா இருக்கு?"

"தங்கமான ஊருப்பா. ரோட்டுல சோத்தைக் கொட்டி அள்ளித் திங்கலாம். அவருக்கு மூட்டு வலி, லிப்ட், பஸ் எல்லாம் வாசல்லயே. இங்கேயே இருந்துடலாம்னு தோணுது."

"இருந்துடுங்களேன்."

தாத்தா பேத்தியைக் கூப்பிட்டுத் தொப்பியை மாட்டிவிட்டார். பாட்டிதான் பதில் சொன்னார்.

"பதினாலாம் தேதியோட விசா முடியுதுப்பா."